முகம் பாக்கி

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் தொம்மை. என் பெண்டாட்டி பிலோமியின் தம்பி. அவனுக்குப் பிறகு செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஹார்பரில் எனக்கு வரவேண்டிய கங்காணி வேலையைத் தட்டிப் பறித்தவன், சுவரை ஒரு சாண் என் பக்கம் தள்ளிக் கட்டிய பக்கத்து வீட்டுக்காரன், யாரையும் நான் மறக்கவில்லை, ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அந்த வரிசையில் முதல் ஆள் தொம்மைதான். ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்துகொண்டு அவனை எதற்கு நினைக்கிறாய் என்று யாராவது கேட்டால், நான் நினைக்கவில்லை, அவனாக வருகிறான், பினாயில் வாடை அடிக்கிற இடத்திலெல்லாம் வருகிறான். ஏசிக் குளிரில் முட்டி வலிக்கிறது. கையில் மகனுடைய போன் கனக்கிறது. கிளாட்வின் தன் பெண்டாட்டியோடு உள்ளே போகும்போது திணித்துவிட்டுப் போனான். "உள்ள போன் கொண்டுபோகக் கூடாதாம்ப்பா. பிரிட்டோ அண்ணன் கூப்பிடுவாரு. நாங்க வர லேட்டாச்சுன்னா நீங்களே எடுத்து, போட்டுருங்கன்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்." பிரிட்டோ என்பவன் விசாவும் டிக்கெட்டும் பார்க்கிற ஏஜென்ட், எங்கள் கோயில் தெருக்காரன், சின்னப் பிள்ளையில் மூக்கொழுகத் திரிந்தவன், இப்போது தோளில் பை மாட்டிக்கொண்டு எல்லோரையும் நாடு கடத்துகிறான். போட்டுருங்க என்றால் டிக்கெட்டைப் போட்டுருங்க. போட்டால் என் மகனும், வயிற்றுப் பிள்ளையோடு என் மருமகள் ரொவேனாவும், அவள் ஊரான பிலிப்பைன்சுக்குப் போய்விடுவார்கள், பிள்ளை அங்கே பிறக்கும். போடாவிட்டால் தூத்துக்குடியில் பிறக்கும், என் வீட்டுக்கு வரும், நான் பார்ப்பேன். இவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை. அதை என் வாயில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என் மகன், அவனுக்கு என்ன தெரியும், ஒரு வார்த்தையை ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பினால் அது போய்ச் சேருமா சேராதா என்று அவனுக்கு என்ன தெரியும். எதிரே சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது. சொல்ல வேண்டாம், எனக்கு அது வேண்டாம். ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன. நான் வந்தது வேறு ஒன்றுக்கு. "இங்க முகம் தெரியிற மாதிரி படம் எடுத்துத் தருவாங்கப்பா, மூக்கு, உதடு எல்லாம் தெரியும், கலர்ல" என்று நேற்றுக் காப்பி குடிக்கும்போது கிளாட்வின் சொன்னான். காலையில் அவர்களுக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "நீங்க எதுக்குப்பா அலையுறீங்க" என்றான். "வீட்டுல இருந்து என்ன செய்ய" என்றேன்.

ரொவேனாவை அவன் மஸ்கட்டில் ஓட்டல் வேலையில் இருந்தபோது பார்த்தது. இவன் சமையல்கட்டு, அவள் வாசல் மேசை. வேதக்காரிதான், எங்களை மாதிரியே கத்தோலிக்கம், ஜெபமாலை சொல்லுவாள், என்ன மொழியில் சொன்னாலும் மாதாவுக்குக் கேட்கும், அதனால் லீவில் கூட்டிவந்து இங்கே கோயிலில் வைத்துத் தாலி கட்டுவதில் சாமியாருக்கும் கஷ்டம் இல்லை, எனக்கும் இல்லை. கஷ்டம் எல்லாம் பிறகுதான் வந்தது. ஓட்டலை மூடினார்கள், இருவரும் இங்கே வந்தார்கள், அவள் சுற்றிப் பார்க்க வருகிற விசாவில் வந்தாள். சுற்றிப் பார்க்க இங்கே என்ன இருக்கிறது, உப்பளமும் அனல்மின் சாம்பலும். வந்த இடத்தில் வயிற்றில் தங்கிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கிளாட்வின் எனக்கு வழிகளை விளக்கினான். என் தண்ணீர்த் தம்ளர் இந்தியா, ஊறுகாய்ப் பாட்டில் பிலிப்பைன்ஸ், மிளகாய்வத்தல் கிண்ணம் மஸ்கட். கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "அது ஆகாதுப்பா. புதுக் கம்பெனி கிடைச்சு, அவங்க குடும்ப விசா குடுத்து, அதுக்குள்ள பிள்ளை நடக்க ஆரம்பிச்சிரும்." பிறகு தம்ளரைத் தொட்டான். "இங்கயே இருக்கணும்னா அவ என் பெண்டாட்டிங்கிற விசாவுக்கு மாத்தணும். எழுதிப் போட்டாச்சு. அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு திருப்பித் திருப்பி அனுப்புறாங்க. இப்ப இருக்கிற விசா பிரசவத்துக்கு முன்னாடியே முடிஞ்சிரும். விசா இல்லாம இவ இங்க இருக்கும்போது பிறந்துச்சுன்னா பிள்ளை இந்த ஊருப் பிள்ளைன்னு எழுதுறதுலயே சிக்கல் வரும்னு பிரிட்டோ அண்ணன் சொல்றாரு." பிறகு ஊறுகாய்ப் பாட்டில். "அங்க சுலபம். அவ கைய பிடிச்சுக்கிட்டு ஒரே பிளேன்ல நான் போய் இறங்கினா, அந்த ஊருப் பெண்ணோட புருசன்னு ஏர்போர்ட்லயே ஒரு வருசத்துக்கு முத்திரை குத்துவாங்க. ஆனா சேர்ந்து போகணும். அவ முன்னாடி, நான் பின்னாடி எல்லாம் நடக்காது." எனக்குச் சிரிப்பு வந்தது. புருசன் பெண்டாட்டி சேர்ந்து நடந்தால் முத்திரை, தனித்து நடந்தால் இல்லை. நானும் பிலோமியும் எந்தக் காலத்தில் சேர்ந்து நடந்தோம், நான் எட்டு வைத்து முன்னால் போவேன், அவள் கூட்டத்தில் எங்கேயோ வருவாள், எங்களுக்கு எந்த ஊரும் முத்திரை குத்தியிருக்காது. "பேப்பர் இல்லாட்டி என்னல," என்றேன், "எனக்கு என்ன பேப்பர் இருந்துச்சு பிறக்கும்போது." "உங்க காலம் வேறப்பா" என்றான். என் காலம் வேறுதான். என் காலத்தில் பிள்ளை பிறந்ததைச் சொல்லப் பேப்பர் வராது, ஆள் வரும். ஆள் வந்ததா என்பதுதான் கேள்வி. அப்போதும் அவன் மனசு இங்கேதான் இருந்தது, பாட்டிலைத் தள்ளிவிட்டுத் தம்ளரைத்தான் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான், எப்படியாவது விசா வந்துவிடும் என்றான். அது வளைகாப்புக்கு முன்னால்.

வளைகாப்பை நான் கேட்கவில்லை. தெருப் பொம்பளைகள் செய்தார்கள், பிலோமி இருந்தால் செய்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டு செய்தார்கள். ரொவேனாவுக்குப் பட்டு கட்டிவிட்டு, சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல். அவளுக்கு ஒரே சந்தோசம், கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெண்வீட்டு ஆட்களுக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அது காலியாகவே கிடந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டி ஸ்டெல்லா, சுவரைத் தள்ளிக் கட்டியவனின் பெண்டாட்டி, வாயில் லட்டை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, பொண்ணு வீட்டுல இருந்து ஒரு காக்கா குருவி கூட வரலையே, கப்பல் கிடைக்கலையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரொவேனாவும் என்ன என்று தெரியாமல் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. மஸ்கட்டில் இருந்து கொண்டுவந்த மருமகள், ஒரு சீர் கிடையாது, ஒரு ஆள் கிடையாது, என் வீட்டு வாசலில் இவள் லட்டு தின்றுகொண்டு கேட்கிறாள். நான் கிளாட்வினைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன், "முறைப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுல உன் மாமியாரை. அது அவங்க பாடு. நான் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" இது ஊரில் எல்லா மாமனாரும் சொல்கிற பேச்சு. சொன்னால் பெண்வீட்டுக்காரனுக்கு உறைக்க வேண்டும், அதற்குத்தான் சொல்வது. யாராவது அதைக் கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுவார்களா? ரொவேனா கிளாட்வின் கையைச் சுரண்டி, பப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அவன் என்ன சொல்லுவான், பெண்டாட்டிக்கு உறைக்கக் கூடாதே என்று உறைப்பை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னான், எங்களில் முதல் பிள்ளை அம்மா வீட்டில்தான் பிறக்க வேண்டும், அப்பா சொல்கிறார் என்று. அவள் எழுந்தாள். வளையல் எல்லாம் குலுங்க என் முன்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. என் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது அவர்கள் ஊரில் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையாம். ஹார்பரில் சாக்குக் கொக்கி குத்திக் காய்த்துப்போன கை, அவள் நெற்றிச் சந்தனம் அதில் ஒட்டிக்கொண்டது. "தேங்க்யூ பப்பா, தேங்க்யூ" என்கிறாள். ஏங்கிக் கிடந்திருக்கிறாள் அம்மா வீட்டுக்கு, கேட்கப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள், புருசன் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று. இப்போது வீட்டுப் பெரியவரே அனுப்புகிறார். அன்றைக்கே போன் போட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மாக்காரி பேர் லூர்தஸ், எங்கள் லூர்து மாதாவின் பேர், அதற்குப் பிறகு தினமும் போன் திரையில் அவள் கோழி கூவுகிற முற்றத்தில் நின்று கும்பிட்டுச் சிரிக்கிறாள், அறையைக் காட்டுகிறாள், கொசுவலையைக் காட்டுகிறாள், பன்றியை விற்றுத் தொட்டில் வாங்கினாளாம், அதையும் காட்டுகிறாள். நான் எப்படிச் சொல்வது, அது பேச்சுக்குச் சொன்னது என்று. தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. ஸ்டெல்லா கேட்டிருக்கிறாள். சொன்ன சொல்லை விழுங்கினான் இஞ்ஞாசி என்று அவள் வாயால் நான் கேட்கவா. இப்படித்தான் தம்ளர் போய் ஊறுகாய்ப் பாட்டில் வந்தது. பிரிட்டோவுக்குச் சந்தோசம், டிக்கெட்டுக்கு ஆள் கிடைத்தது. "அண்ணாச்சியே பச்சைக்கொடி காட்டிட்டீங்க, இனி என்ன" என்றான். இன்றைக்கு டாக்டர் பார்த்து, வயிற்றுப் பிள்ளையோடு பறக்கலாம் என்று கடிதம் கொடுத்தால் உடனே ஏற வேண்டும், மாசம் கூடினால் பிளேனில் ஏற்ற மாட்டார்களாம். இன்றைக்கு விட்டால் இடமும் இருக்காதாம். இன்றைக்கு. போட்டுருங்க.

தாய்வீடு. அந்த வார்த்தையை நான் எந்த வாயால் சொன்னேன். பிலோமியையும் இப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், ஏழாம் மாசம், பெரியதாழைக்கு, தொம்மையும் அவன் அம்மாவும் வந்து, பூ வைத்து, பொட்டலம் கட்டி. பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தொம்மை, அப்போது மீசை சரியாக முளைக்காத பையன், "அத்தான், பிறந்தா நானே வந்து சொல்லுதேன், முதல் பஸ்ல வந்து நிப்பேன்" என்றான். எனக்கு அப்போது ஹார்பரில் கோதுமைக் கப்பல், ஓய்வில்லாத வேலை. சாக்கில் சாய எழுத்தில் ஏதேதோ ஊர்ப் பேர் அடித்திருக்கும், எனக்கு வாசிக்கத் தெரியாது, முதுகில் சுமந்து இறக்குவேன், ஒவ்வொரு தடவையும் கேட்டைப் பார்ப்பேன், தொம்மை நிற்கிறானா என்று. நிற்கவில்லை. கப்பல் முடிந்து நானாகத்தான் போனேன். தொட்டில் கட்ட ஒரு மெதுவான வேட்டி, கருப்பட்டி, பிலோமிக்குப் பிடித்த மக்ரூன் ஒரு பொட்டலம். கதவைத் தள்ளிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பால் வற்றுவதற்கு. எனக்கு அது புரியவில்லை, துணி எதற்கு, குளிரா என்று கேட்டேன், இப்போது நினைத்தாலும் அந்தக் கேள்வி நாக்கில் நிற்கிறது, குளிரா. பிள்ளை மாசத்துக்கு முன்னால் பிறந்து, கொஞ்ச நாள் இருந்து, போய்விட்டது. பெண். அவசர ஞானஸ்நானமாகத் தண்ணீர் ஊற்றிப் பேர் வைத்தது தொம்மை. ரீத்தா என்று வைத்திருக்கிறான், என்னைக் கேட்காமல். கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவன்தான், கையிலேயே தூக்கிக்கொண்டு. ஓரத்தில் ஈர மணல் ஒரு முழம் மேடாக இருந்தது, அவ்வளவுதான் எனக்குக் காட்டினார்கள். நான் மண்டி போட்டுக் கையை மணலில் வைத்தேன், தோண்டிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, யாரிடமும் சொன்னதில்லை. அன்று இரவு பிலோமியிடம், யார் மாதிரி இருந்தா என்று கேட்டேன். அடுத்த வருசம் கேட்டேன். கிளாட்வின் பிறந்தபோது, இவனை மாதிரியா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் பிறகு யாரைக் கேட்பது. "சாகப்போறவகிட்ட இதைத்தான் கேக்கணுமாக்கும்" என்றாள். அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்வை நெற்றியில் தொடங்கி மெதுவாகக் கீழே வந்தது, ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன், தண்ணீர் கேட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசம். மருத்துவச்சியும் போய்விட்டாள். அந்த முகத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது தொம்மை ஒருத்தன்தான். இங்கேதான் இருக்கிறான், இந்த ஊரில்தான், வலைக் கம்பெனியில் காவல் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் உட்காருகிறான். சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் பின்னால் திரும்பி என்னைப் பார்த்துக் கை கூப்புவான், ஒவ்வொரு வாரமும், நான் இடது பக்கம் திரும்பிக்கொள்வேன், இடது பக்கம் தூண் இருக்கிறது, தூணுக்குத்தான் நான் இத்தனை வருசமாகச் சமாதானம் சொல்லிவருகிறேன். கேட்டால் சொல்வான். கேட்க மாட்டேன். கடன்பட்டவன் வரவேண்டும், கொடுக்க வேண்டியவன் வாசலுக்கு நானா போவேன்.

வந்தான் ஒருநாள், கிளாட்வின் கல்யாணத்துக்கு, அழைக்காமல். பந்தி நடக்கிற இடத்தில் என்னை மறித்துக்கொண்டு நின்றான், வாயில் லேசாகச் சாராய வாடை. "அத்தான், இதை உங்ககிட்ட சொல்லிரணும். நான் வந்தேன். கேட் வரைக்கும் வந்தேன்." "எந்தக் கேட்டுல?" என்றேன். "ஹார்பர் கேட். நீங்க லாரி நிழல்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தீக. யாரோ என்னமோ சொன்னாக, நீங்க தலையைத் தூக்கிச் சிரிச்சீக. எனக்கு வாய் வரல அத்தான். சோத்தைத் தின்னு முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சீக. அப்பவும் வரல. பஸ் ஏறிட்டேன்." "இத்தனை வருசம் வராத வாய் ஓசிப் பிரியாணியைக் கண்டதும் வந்துட்டோ" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். வாசலில் ரொவேனா அவன் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், மாமா என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு வயிறு எரிந்தது. வாய் வரவில்லையாம். ஒரு மனுசனுக்கு வாய் வராமல் போகுமா. அவன் பிள்ளையைத் தூக்கின கையோடுதானே கேட்டில் நின்றான், அந்தக் கையைக் காட்டியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். சொல்லியிருந்தால் அடக்கத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பேனா, அப்போது உயிரோடு இருந்ததா, இறந்த பிறகு வந்தானா, இதைக்கூட நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம், பந்தியில் ஆள் சிரித்ததும் எனக்கு அந்தச் சிரிப்பு போதுமென்று ஆகிவிட்டது. இப்போது என் மகன் பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் பிறக்கப்போகிறது. அங்கே புயல் அடிக்கிற தீவாம், டிவியில் பார்த்தேன், தென்னைமரம் வேரோடு கிடக்கிறது. அங்கிருந்து எனக்கு யார் வந்து சொல்வது. போன் இருக்கிறதே என்பார்கள். போனை எடுக்கவும் ஆள் வேண்டும், சொல்லவும் வாய் வேண்டும்.

போன் அதிர்ந்தது. தொடையில் மீன் துள்ளினமாதிரி இருந்தது. வெளிச்சத்தில் ஒரு படம், பிரிட்டோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் வயிற்றுக்காரப் பெண் ஒருத்தி, "தாத்தா, போன் அடிக்குது" என்றாள். "ராங் நம்பர்" என்றேன். "போட்டோ வருதே தாத்தா." "போட்டோவோட வர்ற ராங் நம்பர்." அவள் தன் மாமியாரைப் பார்த்தாள், மாமியார் என்னைப் பார்த்தாள். அடித்து ஓய்ந்தது. எடுக்காமல் விட்டால் இடம் போய்விடும். இடம் போனால் கடிதத்தின் தேதி போய்விடும். பிறகு பிள்ளை இங்கேதான் பிறந்தாக வேண்டும், நான் எடுக்கவில்லை என்பதை யார் கண்டார்கள், கிழவனுக்குப் போனை எடுக்கத் தெரியவில்லை என்பார்கள், அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். பேப்பர் இல்லாமல் பிறக்கும். அவள் விசா முடிந்து, போலீஸ் வந்து கேட்டால், ஸ்டெல்லா ஜன்னலில் நின்று பார்ப்பாள். பிள்ளை எந்த ஊர் என்று கேட்டால் எந்த ஊர் என்று சொல்வது, என் வீட்டு ஊர் என்றால் எழுதிக்கொள்வார்களா. எழுதாவிட்டால் போகட்டும், என் மடியில் கிடக்கும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். ரொவேனா வளையலைக் கழற்றவே இல்லை, ஒவ்வொன்றாக உடைகிறது, மிச்சத்தோடு பாத்திரம் கழுவுகிறாள், சத்தம் கேட்கும். நேற்றுக்கூட பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு, "பப்பா, மை மதர், ரொம்ப ஹேப்பி" என்றாள். என் தலையில் இதெல்லாம் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் மீன் துள்ளியது. அந்தப் பெண் வாயைத் திறக்குமுன் கையில் எடுத்தேன். கிளாட்வின் சொல்லிக்கொடுத்தபடி பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தேன், ஒரே தள்ளில் லைன் வந்துவிட்டது, தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது. "என்ன கிளாட்வின், போட்ரவா? ரெண்டு சீட்டுதான் கிடக்கு. ஹலோ. போட்ரவா?" நான் வாயைத் திறந்தேன். "ஹலோ? அண்ணாச்சியா? கேக்குதா?" கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது, அவன் பக்கத்தில் லாரி போகிற சத்தம்கூடக் கேட்கிறது. வார்த்தை தொண்டைவரை வந்து உட்கார்ந்திருக்கிறது, போட்டுருங்க என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. லாரி நிழல் தெரிந்தது. நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே ஒருத்தன் சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கிச் சிரிக்கிறான், நெற்றியில் கோதுமைத் தூசி, பல்லெல்லாம் வெளியே தெரிகிறது, பார்க்க நன்றாக இருக்கிறான், இவனிடம் போய் எதைச் சொல்வது, சோறு முடியட்டும். "சிக்னல் இல்ல போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிரிட்டோ வைத்துவிட்டான். நான் காதிலேயே வைத்திருந்தேன். அதற்காகத் தொம்மையை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவனுக்கு வாய் வராதது வேறு, எனக்கு வராதது வேறு. எப்படி வேறு என்று கேட்டால், வேறு, அவ்வளவுதான்.

உள் கதவு திறந்தது. ரொவேனா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் கிளாட்வின், ஒரு காகிதத்தை ஆட்டிக்காட்டினான், கடிதம் கிடைத்துவிட்டது. "எல்லாம் நல்லா இருக்குப்பா. பறக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஆனா ஒரே சேட்டை, அதான் லேட்டு." நான் படத்துக்குக் கை நீட்டினேன். போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன். பழுப்பு நிறத்தில், மெழுகுபோல, ஒரு தோள், ஒரு காது, ஒரு சின்னக் கை. கை முகத்தை மூடியிருந்தது. விரலெல்லாம் விரித்து, நெற்றியில் இருந்து தாடைவரை. நான் படத்தைச் சாய்த்துப் பார்த்தேன், சாய்த்தால் தெரியும் என்று. ரொவேனா என் முன்னால் நின்று தன் கையால் தன் முகத்தை மூடிக்காட்டினாள். "ஹைடிங், பப்பா." கிளாட்வின் சிரித்தான். "டாக்டர் என்னமெல்லாமோ செஞ்சு பாத்துட்டாருப்பா. ஜூஸ் குடிக்கச் சொன்னாரு, நடக்கச் சொன்னாரு, ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாரு, வயித்தத் தட்டிக்கூடப் பாத்தாரு. கையை எடுக்க மாட்டேங்குது. இம்புட்டுப் பிடிவாதம் யார்கிட்ட இருந்து வந்துச்சோ." அந்த வயிற்றுக்காரப் பெண்ணும் மாமியாரும்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "சரி, அங்க போய்ப் பொறந்ததும் வீடியோ கால்ல காட்டுறேன், முதல் ஆளா உங்களுக்குத்தான்" என்றான். முதல் பஸ்ஸில் வந்து நிற்பேன் என்றான் தொம்மை. "பிரிட்டோ அண்ணன் கூப்பிட்டாராப்பா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராங் நம்பர் என்று சொன்னதைக் கேட்டவள். ஆனால் அவளுக்காக நான் பயப்படவில்லை. இல்லை என்று ஒரு தலையாட்டல், அதற்கு வாய்கூட வேண்டாம். ரொவேனா அதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், அவள் முழங்கை என் விலாவில் இடித்தது, வளையல் நாலைந்துதான் மிச்சம் இருக்கிறது. அவள் அம்மா அந்தக் கோழி முற்றத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பன்றியை விற்றவள். அவளுக்கும் ஒருத்தர் வந்து சொல்ல வேண்டும். "கூப்பிட்டான்" என்றேன். "ரெண்டு தடவை. நான் பேசல. சீட்டு ரெண்டுதான் கிடக்காம். நீ பேசு, இப்பவே பேசு." போனைக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது, தொம்மை அதைக்கூடச் செய்யவில்லை, இதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். கிளாட்வின் ஜன்னலோரம் போனான். "அண்ணே, போட்டுருங்க. ஆமாண்ணே. பக்கத்துப் பக்கத்துல இல்லாட்டியும் பரவாயில்ல, ஒரே பிளேனா இருந்தாப் போதும், இறங்கும்போது சேர்ந்துக்கிடுவோம்." பிறகு திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினான். ரொவேனா என் கையைத் தேடி எடுத்தாள், நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள், எடுக்கவே இல்லை. அவள் நெற்றி சூடாக இருந்தது. என் கை அவள் முகத்தில் பாதியை மறைத்தது, மிச்சத்தில் கண்ணீர் ஓடியது, நான் வேறு பக்கம் பார்த்தேன். ஆட்டோவில் அந்தப் படத்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன், குலுக்கலில் அந்தக் கை விலகிவிடும் என்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை தொம்மை மூன்று பெஞ்சு முன்னால் திரும்புவான். திரும்பட்டும். அவனாக எழுந்து வந்து, அத்தான், இப்படி இருந்தாள், மூக்கு இப்படி, உதடு இப்படி என்று சொல்லட்டும், அதுவரை எனக்குத் தூண் போதும். எனக்கு வரவேண்டியது இத்தனை காலமாக ஒரு முகம். இன்றிலிருந்து இரண்டு.